வயதான மட்டக்குதிரையை எப்போது, எப்படி வழியனுப்புவது?

கேள்வியின் சுருக்கம் இது. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு. அப்பா மதுரையில் ஜட்கா ஓட்டியவர். வண்டித் தொழில் ஓய்ந்த பிறகு காதுகுத்து, கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்வந்த ‘செவலை’ என்ற மட்டக்குதிரைக்கு 28 வயது என்கிறார்கள். விலா எலும்பு தெரிய இளைத்துவிட்டது. முன்னங்காலை ஊன்றத் தயங்குகிறது. போன வாரம் ஒருநாள் படுத்த இடத்திலிருந்து எழ முடியாமல் மூன்று பேர் சேர்ந்து தூக்கிவிட்டிருக்கிறார்கள். “அதுவாகப் போகட்டும்” என்கிறார் அப்பா. ஒரு தரகர் விலை பேசுகிறார். அய்யனார் கோவிலில் விட்டுவிடலாம் என்பது உறவினர் யோசனை. ஊசி போட்டு முடிப்பது பாவமா, போடுவதென்றால் எப்போது போடுவது என்று கேட்கிறீர்கள்.

கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. குழி வெட்டப்போகும் இடத்துக்குச் செவலை தன் காலால் நடந்து வரக்கூடிய நிலையில் இருக்கும்போதே ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். விழுந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆனால் அந்த நாள் வந்துவிட்டதா என்பதைச் சரிபார்த்தாக வேண்டும். இளைத்த கிழக்குதிரை எல்லாம் சாகப்போகிற குதிரை அல்ல. தொட்டி நிறையத் தீவனம் இருந்தும் பட்டினி கிடந்து இளைத்த குதிரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குதிரையின் பல் நம் பல்லைப்போல் ஒருமுறை முளைத்து நின்றுவிடுவதில்லை. தாடைக்குள் நீளமாகப் புதைந்திருந்து, தேயத் தேய ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். 25 வயதைத் தாண்டும்போது அந்தக் கையிருப்பு தீரத் தொடங்கும். கடைவாய்ப்பற்கள் வழுவழுப்பாகிவிடும், சில விழுந்துவிடும், சில கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். குதிரை நிற்குமிடத்தைக் கூட்டும்போது பாருங்கள்: பாதி மென்று துப்பிய புல், கயிறு திரித்ததுபோல் உருண்டையாகக் கிடக்கிறதா? லத்தியில் நீளநீளமான நார் தெரிகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் செவலையால் மெல்ல முடியவில்லை என்று பொருள். அப்படியானால் அதற்கு வைக்கோல் போடுவது ஆபத்து. மெல்லாத வைக்கோல் குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அதன் வயிற்றுவலி மாட்டின் வயிற்று உப்புசத்தைவிடக் கொடியது.

இளம் அருகம்புல்லை விரற்கடை நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். கொள்ளை இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, மசித்து, கஞ்சி பதத்தில் ஆறவைத்துக் கொடுங்கள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொஞ்சம் சேர்க்கலாம். இரண்டு வேளைக்குப் போடுவதை ஐந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். உலர்ந்த தவிட்டை அப்படியே வைத்தால் தொண்டையில் அடைத்து மூக்கு வழியாகப் பச்சைநீர் வடியும். நனைத்தாலும் தவிட்டை அள்ளிக் கொட்டக் கூடாது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. தவிட்டையே நம்பி வளர்ந்த குதிரையின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, முகத்தெலும்பு இரு பக்கமும் புடைத்துவிடும். “முகம் நல்லா சதை போட்டிருக்கு” என்று அதைக் காட்டிப் பெருமைப்பட்ட வண்டிக்காரர்கள் உண்டு. கூடவே குடற்புழு மருந்து ஒரு முறை கொடுத்து, ஒரு மருத்துவரை வாயைத் திறந்து பார்க்கச் சொல்லி, கூர்ப்பற்களை அரத்தால் தேய்க்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு வாரத்தில் முதுகெலும்பு மேல் கொஞ்சம் சதை பிடித்தால் இன்னும் சில மாதங்கள் கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

வயதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மேல்தாடையின் முன்பற்களில் ஓரத்துப் பல்லைப் பாருங்கள். சுமார் 10 வயதில் ஈறோரம் ஒரு பழுப்புக் கோடு தொடங்கும். 15இல் பாதிப் பல் வரையும் 20இல் அடி வரையும் இறங்கும். அதன் பிறகு மேலிருந்து மறையத் தொடங்கி, 25இல் கீழ்ப்பாதியில் மட்டும் இருக்கும், 30 வாக்கில் காணாமல் போய்விடும். சில வயது முன்பின் ஆகலாம். ஆனாலும் சந்தையில் சொல்லும் வயதைவிட இது நேர்மையானது. மட்டக்குதிரைகள் பெரிய குதிரைகளைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. 30ஐத் தாண்டுவது அரிதல்ல.

இப்போது கால். முன்னங்காலை ஊன்றத் தயங்குகிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டு முன்னங்காலையும் முன்னால் நீட்டி வைத்து, உடல் எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளி, சாய்ந்தாற்போல் நிற்கிறதா? குளம்பைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? குளம்புக்கு மேலே கணுவின் பின்புறம் விரலை வைத்தால் நாடி தெறிக்கிறதா? அப்படியானால் அது மூட்டுத் தேய்மானம் அல்ல, குளம்பழற்சி. குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் சதை மடிப்புகள் வீங்கிப் பிரிந்துபோகும் நோய் இது. முற்றினால் உள்ளே இருக்கும் எலும்பே இறங்கி அடிக்குளம்பை அழுத்தும். ஒவ்வோர் அடியும் அதற்கு வேதனை. தொடக்கத்தில் மணல் பரப்பிய தரை, தீவன மாற்றம், வலிநிவாரணி, சரியான குளம்பு சீவல் ஆகியவற்றால் சமாளிக்கலாம். 28 வயதில், எழ முடியாத நிலையில், முற்றிய குளம்பழற்சி என்றால் நான் சமாளிக்கச் சொல்ல மாட்டேன். மூட்டுத் தேய்மானம் என்றால் பொழுது இருக்கிறது. காலையில் விறைப்பாக இருந்து, பத்து நிமிடம் நடந்ததும் இளகும் கால் மூட்டுத் தேய்மானக் கால்.

இன்னொன்று. குளம்பைச் சீவ ஆள் தேடும்போது கவனமாக இருங்கள். நம் பக்கத்தில் லாடம் அடிப்பவர்களில் பெரும்பாலோர் மாட்டுக்கு அடித்துப் பழகியவர்கள். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, குளம்புக்கு இரண்டு லாடம். ஒற்றைக் குளம்பின் கணக்கே வேறு. குதிரைக்கு அடித்தவர் என்று தெரிந்தால் மட்டும் கையில் கொடுங்கள். வலிக்கு மருந்துக்கடையில் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசி வாங்கிப் போட்டுவிடும் பழக்கமும் இருக்கிறது. கால்நடைகளுக்கு அதை 2006இலேயே தடைசெய்துவிட்டார்கள். அந்த மருந்து உடலில் இருக்கும்போது இறந்த விலங்கைத் தின்ற பாறுக் கழுகுகள் இந்தியா முழுவதும் பெருமளவில் அழிந்ததுதான் காரணம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, மூன்று பேர் தூக்கிவிட்டார்கள் என்பதுதான். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. கண்ணயர்வது மட்டும்தான் நின்றபடி நடக்கும். ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், நாளொன்றுக்கு அரைமணி நேரமாவது. படுத்தால் எழ முடியாது என்று ஒருமுறை தெரிந்துகொண்ட கிழக்குதிரை படுக்கவே பயப்படும். பல நாள் படுக்காமல் நிற்கும். பிறகு நின்றபடியே உறக்கத்தில் முன்னங்கால் மடங்கி விழும். முன்முழங்காலிலும் கணுவிலும் புதிய சிராய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் அது விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. எழவே முடியாமல் கிடந்துவிட்டால் இன்னும் மோசம். இருநூறு கிலோ உடல் ஒரே பக்கமாக அழுத்திக் கிடக்க, அடியில் உள்ள தசைக்கு ரத்த ஓட்டம் நின்று தசை சாகும், நரம்பு மரத்துப்போகும். சில மணி நேரத்துக்குப் பிறகு தூக்கி நிறுத்தினாலும் அந்தக் கால் வேலை செய்யாது. எழ முயன்று தலையைத் தரையில் அடித்து அடித்துக் கண் பிதுங்கியிருக்கும். கிடந்த இடம் தோப்பின் நடுவே வாய்க்கால் ஓரமாக இருந்து, நேரம் இரவு இரண்டு மணியாக இருந்து, மழையும் பெய்தால் எந்த மருத்துவர் வருவார்? “அதுவாகப் போகட்டும்” என்ற அப்பாவின் சொல்லுக்கு நடைமுறையில் இதுதான் அர்த்தம். தூக்கத்திலேயே போய்விடும் குதிரைகள் உண்டு. மிகச் சில.

குதிரை வலியை மறைக்கும் பிராணி. புல்வெளியில் நொண்டுவதைக் காட்டிக்கொண்ட குதிரை புலிக்கு இரையாகிப்போன காலத்தின் மிச்சம் அது. நாயைப்போல் முனகாது, மாட்டைப்போல் கத்தாது. முகத்தைத்தான் பார்க்க வேண்டும். காது பின்னோக்கி விறைத்திருப்பது, கண்ணுக்கு மேல் உள்ள எலும்பு துருத்தித் தெரியும்படி இமை இறுகுவது, நாசித் துளை இறுகிச் சற்று விரிவது, தாடைத் தசை இறுகுவது ஆகியவற்றை வைத்து வலியை மதிப்பிடும் ஓர் அளவுகோலை 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்தத் தாள் தேவைப்படாது. இத்தனை வருடம் அந்த முகத்தைப் பார்த்தவர். பிரச்சினை, அவர் அதைப் பார்க்க மறுக்கிறார்.

அதனால் அவரிடம் வாதாட வேண்டாம். லாயத்துச் சுவரில் ஒரு கரிக்கட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, தினமும் மாலையில் அவரையே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். செவலை தானாகப் படுத்து எழுந்து, வைத்ததைத் தின்று, ஆள் வரும்போது கனைத்த நாள் என்றால் நேர்கோடு. இல்லையென்றால் குறுக்குக் கோடு. நீங்கள் போடாதீர்கள், அவர் போடட்டும். இரண்டு மூன்று வாரத்தில் குறுக்குக் கோடுகள் கூடுவதைச் சுவரே காட்டிவிடும். “டாக்டர் சொன்னார்” என்பதை மறுத்துவிடுகிற பெரியவர்கள், தாங்கள் போட்ட கோட்டை மறுப்பதில்லை.

பாவம் பற்றி அவர் கேட்டால் காந்தியைச் சொல்லுங்கள். 1921இல் நம் மதுரையில்தான் அவர் அரையாடைக்கு மாறினார் என்பது உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதே காந்தி 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், தீராத வேதனையில் கிடந்த ஒரு கன்றுக்குட்டியை, சிகிச்சைக்கு வழியில்லை என்று உறுதியான பிறகு, மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு முடிக்கச் செய்தார். நாடெங்கிலுமிருந்து கோபக் கடிதங்கள் குவிந்தன. தான் செய்தது அகிம்சைக்கு விரோதமானதல்ல என்று எழுத்திலேயே பதில் சொன்னார், பின்வாங்கவில்லை. அப்பாவுக்கு இது போதவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். நம்பிக்கையை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது.

அதைவிட அவருக்கு இன்னொன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சீமை குதிரைக்குத் தோதான மண் அல்ல. பாண்டியர்கள் அரபுக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் வாங்கும் குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாததால் அந்த ஆண்டே செத்துப்போகின்றன என்று எழுதிவைத்தார். சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போட்டார்களாம். மன்னர்களின் லாயத்தில் ஓராண்டு தாங்காத ஜீவனை, ஜட்காவில் கிடைத்த கூலியைக் கொண்டு 28 வயது வரை நடத்திவந்திருக்கிறார் உங்கள் அப்பா. கடைசி ஒரு வாரத்தில் அவர் கைவிட்டுவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

தரகர் விஷயம் சுருக்கமானது. வேண்டாம். எழ முடியாத குதிரையை அவர் எதற்கு வாங்குகிறார் என்று கேட்டுப்பாருங்கள், நேரான பதில் வராது. வலி ஊசி போட்டு நான்கு ஊர்வலத்துக்கு ஓட்டுவார்கள், அல்லது இன்னொருவர் கைக்கு மாற்றுவார்கள். லாரியில் ஏற்றினாலே பாதி உயிர் போய்விடும்.

அய்யனார் கோவில் யோசனை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. புரவியெடுப்பில் மண்குதிரையைச் சுமந்துபோய் அய்யனார் முன் வைக்கும் ஊர்களில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வேளார் செய்த மண்குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் வேண்டாம், செவலைக்கு வேண்டும். கோவிலுக்கு நேர்ந்துவிட்ட காளைக்கு ஊரே தீனி வைக்கும். நொண்டிக் குதிரைக்கு யாரும் வைக்க மாட்டார்கள். சாலையோரம் போய் விழும். பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும், நோயுற்ற விலங்கைத் தெருவில் சாகவிடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். இதை உறவினரிடம் சொன்னால் போதும், யோசனையை மடித்து வைத்துவிடுவார்.

எந்த நாள்? நீங்கள் புரட்டாசியில் எழுதுகிறீர்கள். பல்லையும் தீவனத்தையும் சரிசெய்து மூன்று வாரம் பார்த்தும் சதை பிடிக்கவில்லை, அல்லது இன்னொரு முறை தூக்கிவிட வேண்டியிருந்தது என்றால் ஐப்பசி அடைமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். தை பிறக்கட்டும் என்று தள்ளாதீர்கள். ஈரத்தில் வழுக்கும் தரை கிழக்குதிரைக்கு எமன். உங்கள் தோப்போ பெரியாறு பாசனப் பகுதி. கால்வாயில் தண்ணீர் ஓடி, மேலே மழையும் பெய்தால் கிணறு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். வெட்டிய குழியில் ஊற்று எடுக்கும், பொக்லைன் வண்டி தோப்புக்குள் இறங்காது. வீட்டு மனிதர்களின் மனம் தயாராவதற்குக் கால அவகாசம் கொடுக்கலாம், மண்ணுக்கும் மழைக்கும் கொடுக்க முடியாது.

குழிக்கு இடம் கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் குறைந்தது நூறு அடி தள்ளி, தோப்பிலேயே மேடான பக்கம் பாருங்கள். ஏழெட்டு அடி ஆழம் வேண்டும். உடலுக்கு மேல் நான்கு அடிக்குக் குறையாமல் மண் மூட வேண்டும். முந்தைய நாளே வெட்டிவைத்து, செவலை கண்ணில் படாதபடி சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டுங்கள். உப்பும் சுண்ணாம்பும் போடுவது பழக்கம், போடலாம், தொற்றுநோய் இல்லாத குதிரைக்குக் கட்டாயமில்லை. ஆழத்தில் மட்டும் சமரசம் கூடாது. மயக்க மருந்து ஊறிய அந்த உடலை நாயோ காகமோ தோண்டித் தின்றால் அவையும் சாகும். தோலுக்காக யாராவது கேட்டு வந்தாலும் கொடுக்காதீர்கள்.

மருத்துவரை முன்கூட்டியே பேசிவையுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், ஆனால் அது அவசரத்துக்கு. இதற்குக் குதிரையைக் கையாண்டு பழகியவர் வேண்டும். தல்லாகுளத்தில் உள்ள கால்நடை பன்முக மருத்துவமனையில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். எழுத்தில் சம்மதம் கேட்பார்கள். அதில் அப்பாவே கையெழுத்திடுவது நல்லது. என்ன மருந்து என்று தயங்காமல் கேளுங்கள். முதலில் மயக்கம் தரும் ஊசி, பிறகு கழுத்து ரத்தக்குழாயில் மிகை அளவு மயக்க மருந்து. அதற்கு மேல் வேறு மருந்து சேர்த்தாலும் ஆழ்ந்த மயக்கத்துக்குப் பிறகே சேர்க்க வேண்டும். இந்த வரிசை இல்லாமல் “ஒரே ஊசி, முடிந்துவிடும்” என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

அன்று காலை வெயில் ஏறுவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். மெல்ல முடிந்த அளவு அதற்குப் பிடித்ததைக் கொடுங்கள். வெல்லம், வாழைப்பழம் எதுவானாலும் சரி, இனி வயிற்றைப் பற்றிக் கவலை இல்லை. குழியின் பக்கம் நடத்திவந்து, மயக்க ஊசி போட்டுத் தலை தொங்கும் வரை கயிற்றை அப்பா பிடித்திருக்கலாம். அதன் பிறகு மருத்துவரின் உதவியாளர் கைக்கு மாற்றிவிடுங்கள். குதிரை மெதுவாகப் படுக்காது, கால் மடங்கிச் சட்டென விழும். எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. அன்பு மிகுதியில் முன்னால் நிற்பவர்தான் அடிபடுவார். விழுந்த பிறகு ஒன்றிரண்டு முறை பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், கண் திறந்தே இருக்கும். இவை உயிர் இருப்பதன் அடையாளம் அல்ல. இதை முன்பே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அந்தப் பெருமூச்சு அவர் மனத்தில் பல வருடம் உறுத்திக்கொண்டிருக்கும். மருத்துவர் கருவிழியைத் தொட்டுப் பார்த்து, சில நிமிடம் இதயத்தைக் கேட்டு, முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகே யாரும் நெருங்க வேண்டும். அப்போது மாலை போடுங்கள், மஞ்சள் தெளியுங்கள், உங்கள் வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்கள். லாடம் இருந்தால் கழற்றிக்கொள்ளுங்கள். வாசற்படியில் அடிக்க யாராவது கேட்பார்கள், அதற்கு முன் வீட்டுக்கு ஒன்றை எடுத்து வையுங்கள். வால்முடியில் ஒரு கற்றை வேண்டுமானால் அதையும் முன்பே நறுக்கிக்கொள்ளலாம்.

அப்பா வர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அருகில் இல்லாததால் அன்பு குறைந்துவிட்டது என்று ஊரில் ஒருவர் சொல்வார். அவர் எந்த ஜீவனையும் வளர்த்திருக்க மாட்டார்.

வீட்டில் எட்டு வயதுப் பெண் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். “தூங்கப்போகிறது” என்று சொல்லாதீர்கள், அன்றிரவு அவள் தூங்கப் பயப்படுவாள். விற்றுவிட்டோம் என்றால் தேடுவாள். வயதாகிவிட்டது, கால் வலி தீராது, டாக்டர் ஊசி போட்டதும் செத்துப்போகும், இனி வலிக்காது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஊசி போடும்போது அவள் அங்கே வேண்டாம். மண் மூடும்போது வர விரும்பினால் வரட்டும்.

செவலையை ஒட்டியே படுத்திருக்கும் வெள்ளாட்டைப் பற்றித்தான் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் முடிந்ததும் அதை அவிழ்த்துவிட்டு, உடலை முகர்ந்து பார்க்க விடுங்கள். துணை விலங்குகள் பெரும்பாலும் வந்து முகர்ந்து, சற்று நின்று, தாமாக விலகி மேயப் போய்விடும். காணாமல் போனால்தான் நாள்கணக்கில் கத்தித் தேடும். இரண்டு மூன்று நாள் தீனி குறைந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆட்டுக்குத் துணை இன்னோர் ஆடு போதும், அதற்காக அவசரப்பட்டுக் குதிரை வாங்காதீர்கள். ஆனால் அப்பா கேட்பார். ஜட்காக்காரர்களை எனக்குத் தெரியும், ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தை கூடும்போது பேச்சு தொடங்கும். அப்போது மறுத்துவிடாதீர்கள். குட்டியாக மட்டும் வேண்டாம், அதை இன்னும் 25 வருடம் பார்த்துக்கொள்ளப்போவது நீங்கள்தான். பன்னிரண்டு, பதினைந்து வயதான, வண்டிக்குப் பழகிய, சாதுவான ஒன்றாகப் பாருங்கள். சந்தையில் அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் விலையும் அப்பாவின் கைக்கு அடங்கும்.